"ஓ, கம்பவுண்டரா!"

போன வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் சித்தப்பா. "ஏன்டா, நீ அந்த பெட் ஸ்கேன் மெஷின் ஓட்டுறவன்தானே?" என்றார். இல்ல சித்தப்பா, ஸ்கேனுக்கு முன்னாடி போடுற ஊசி மருந்தைத் தயாரிக்கிறவன் என்றேன். "ஓ, கம்பவுண்டரா!" என்று சொல்லிவிட்டு ரசம் வாளிக்காரரைக் கூப்பிட்டார்.

அவர்மேல் கோபம் இல்லை. பத்திரிகைகளே அப்படித்தானே இருக்கின்றன! மூளை ஆராய்ச்சி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பெரிய வெள்ளை வளையத்துக்குள் ஒரு ஆள் படுத்திருக்கும் படத்தைத்தான் போடுகிறார்கள். அந்த வளையம் ஒன்றையும் தேடிப் பிடிப்பதில்லை. உடம்புக்குள்ளிருந்து வரும் கதிரை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. எதைத் தேடுவது, எங்கே போய் ஒட்டுவது என்பதெல்லாம் ஊசியில் போகும் ட்ரேசரின், அதாவது கதிரியக்க அணு கோர்த்த மருந்தின், பொறுப்பு. அதே மெஷினில் எஃப்டிஜி என்ற சர்க்கரை வகை ட்ரேசரைப் போட்டுப் படுத்தால் மூளை எங்கெங்கே சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று தெரியும். ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஏற்றிய டோபா போட்டால், டோபமின் என்ற சேதி வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் தெரியும். மருந்தை மாற்றினால் படமே வேறு.

அல்சைமர் என்ற மறதி நோயின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப காலம் அந்த நோயை உறுதி செய்ய ஒரே வழி, ஆள் இறந்த பிறகு மூளையைச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான். அந்தச் சாயங்கள் துணிச் சாயங்கள்! காங்கோ சிவப்பு 1880-களில் பருத்திக்காக வந்தது. தயோஃபிளேவின்-டி மஞ்சள் சாயம். இரண்டும் அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதையே உயிரோடு இருப்பவர் மூளைக்குள் அனுப்ப முடியாதா என்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வில்லியம் க்ளங்க் மனநல மருத்துவர், செஸ்டர் மாத்திஸ் கதிரியக்க வேதியியலாளர். காங்கோ சிவப்பின் வழித்தோன்றல்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியும் மூளைக்குள் போதுமான அளவு போகவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் காவல் அப்படி. பெரிய மூலக்கூறையும் மின்னூட்டம் உள்ளதையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

பிறகு தயோஃபிளேவினுக்கு வந்தார்கள். அதில் ஒரு நேர் மின்னூட்டம் இருக்கிறது. நைட்ரஜனில் தொங்கும் ஒரு மீதைல் தொகுதியை எடுத்துவிட்டால் மின்னூட்டம் போய்விடும், கதவு திறக்கும். கேட்க எவ்வளவு எளிது பாருங்கள்! ஆனால் உள்ளே போனால் மட்டும் போதாது. வந்த விருந்தாளிக்குக் கிளம்பவும் தெரிய வேண்டும். அமிலாய்டு இல்லாத இடத்திலிருந்து சில நிமிடங்களில் வெளியேறினால்தான் இருக்கும் இடம் தனியாகத் தெரியும்.

2002 பிப்ரவரியில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளிக்கு முதல்முறையாக அந்தப் புது மூலக்கூறைச் செலுத்தினார்கள். பிட்ஸ்பர்க் கூட்டுப்பொருள்-பி, சுருக்கமாகப் பிப் என்ற பெயர் நிலைத்தது. 16 நோயாளிகளையும் 9 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அந்த உப்சாலா குழுவில் ஹென்றி எங்லர் என்று ஒருவர். உருகுவேயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது துப்பமாரோ கெரில்லா இயக்கத்தில் சேர்ந்து, 1972 முதல் 1985 வரை சிறையில் கிடந்து, தனிமையில் மனம் பிறழ்ந்து, விடுதலையானதும் ஸ்வீடனுக்குப் போய்ப் படிப்பை முடித்தவர். பின்னாளில் ஜனாதிபதியான ஹோசே முஹிக்காவும் அதே இயக்கம், அதே சிறைவாசம். பதிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிப்பில் இருப்பது கார்பன்-11 என்ற கதிரியக்கக் கார்பன். அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 20 நிமிடம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் நைட்ரஜன் வாயுவைப் புரோட்டானால் அடித்து கார்பனை உண்டாக்கி, மீதைல் அயோடைடு போன்ற ஒன்றாக மாற்றி, மூலக்கூறில் கோர்த்து, சுத்தம் செய்து, வடிகட்டி, பரிசோதித்து, ஊசியில் ஏற்ற வேண்டும். கடிகாரம் ஒரு நொடி நிற்காது. சென்னையில் செய்து வேலூருக்குக் காரில் அனுப்பினால், மூன்று மணி நேரத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய 500-ல் ஒரு பங்கு. சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இல்லாத ஆஸ்பத்திரிக்கு அந்த மருந்து இல்லை என்று அர்த்தம். ஃப்ளோரின்-18-க்கு 110 நிமிடம். அதே கார், அதே தூரம், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். 2012-ல் ஃப்ளோரின்-18 ஏற்றிய ஃப்ளோர்பீட்டாபிர் என்ற அமிலாய்டு ட்ரேசர் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகுதான் அமிலாய்டு ஸ்கேன் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டி வெளியே வந்தது.

நானும் ஒரு காலத்தில் புது ட்ரேசர் செய்யப் போனவன்தான். எட்டு மாதம். சோதனைக் குழாயில் இலக்கோடு கச்சிதமாக ஒட்டியது, நாங்கள் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். எலிக்குச் செலுத்தியபோது மூளை முழுக்க ஒரே சீராக மின்னியது. இலக்கு இருக்கும் இடம், இல்லாத இடம், வித்தியாசமே இல்லை. மூலக்கூறில் கொழுப்பு நாட்டம் அதிகம், கண்ட இடத்தில் அப்பிக்கொண்டது. ஸ்கேன் ஓட்டிய பையன் "சார், படம் பிரகாசமா வந்திருக்கு!" என்று வாழ்த்தினான்.

அந்த எட்டு மாதம் எங்கேயும் அச்சாகவில்லை. தோற்றுப்போன மூலக்கூறுக்கு யாரும் பக்கம் ஒதுக்குவதில்லை. இதுதான் என் புகார். அதே மூலக்கூறை இன்னொரு ஊரில் இன்னொருவர் இன்று அதிகாலை மூன்று மணிக்கு ஈயச் சுவருக்குப் பின்னால் செய்துகொண்டிருக்கலாம். ட்ரேசர் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள், தோல்வியையும் பொதுவில் பதிவேற்றினால்தான் கடைசித் தவணை என்று ஒரு நிபந்தனை போடட்டும். கசப்பாகத்தான் இருக்கும். நானும் என் நோட்டுப் புத்தகத்தைத் தூசி தட்ட வேண்டியிருக்கும்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "உங்க சித்தி அடுப்ப அணைக்க மறந்துடுறா. அந்த ஸ்கேன் எடுத்துடலாமாடா?" அதற்குத்தான் முதலில் மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எடுத்த எடுப்பில் அந்த ஸ்கேன் வேண்டாம் என்றேன். அமிலாய்டு இருக்கிறதா என்றுதான் அது சொல்லும், மறதியே இல்லாத வயதானவர்கள் பலரிடமும் அது இருக்கும். தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும், முதலில் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், அந்த ரத்தப் பரிசோதனைகளை எடுங்கள் என்றேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை சித்தியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.