ரிங் கொக்கியை உள்ளே மடக்குங்கள்

பில்லரில் நெடுக நிற்கும் மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்தான் ரிங். அதன் முனையில் இருக்கும் கொக்கியை 135 டிகிரிக்கு, அதாவது பில்லரின் உள்பக்கம் மடங்கும்படி, ஏன் வளைக்க வேண்டும் என்பது, நான் சைட்டுக்கு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் புரிந்தது. டிராயிங்கில் 135 இருக்கும், சைட்டில் 90 டிகிரிக்கு வளைத்திருப்பார்கள். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டு கான்கிரீட் கொட்டச் சொல்லியிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது.

புரிய வைத்தது ஒரு கல்லூரி லேபில் நடந்த பயிற்சி. ஒரே அளவில் இரண்டு சின்ன பில்லர்களை மெஷினில் வைத்து அழுத்திக் காட்டினார்கள். 90 டிகிரி போட்டதில் வெளிப்பக்கக் கான்கிரீட் உதிர்ந்ததுமே கொக்கி பிரிந்துவிட்டது. மெயின் கம்பிகள் வெளியே பிதுங்கின, பில்லர் நொறுங்கியது. 135 டிகிரி போட்ட இன்னொன்றிலும் வெளிப்பக்கம் உதிர்ந்தது, ஆனால் உள்ளே மடங்கிய கொக்கி பிடியை விடவில்லை. பத்து நிமிடம்தான். நாலு வருடப் படிப்பில் அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கொக்கிக்கு உண்மையான சோதனை நிலநடுக்கம்தான். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பக்கம் பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழே கார் நிறுத்த வெறும் பில்லர்கள், மேலே வீடுகள் என்று நின்றவை அவற்றில் பல. 2002இல் சென்னையை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து, ஆபத்து அதிகமான மூன்றுக்கு மாற்றினார்கள். இங்கே எந்தத் தெருவில் பார்த்தாலும் அதே ஸ்டில்ட் பார்க்கிங்தான்.

பூஜுக்குப் பிறகு மத்திய அரசு ஐஐடிகளையும் பெங்களூரு ஐஐஎஸ்சியையும் கொண்டு கல்லூரி ஆசிரியர்களுக்கு நிலநடுக்கப் பொறியியல் பயிற்சி கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ரிங்கை வளைப்பவர் ஆசிரியர் இல்லையே. கல்லூரியிடம் லேபும் படிப்பும் இருக்கிறது, பில்டரிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தால்தான் விஷயம் கம்பி கட்டுகிறவர் வரை போகும். பயிற்சி நாளுக்கும் முழுக்கூலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யார் வருவார்கள்? பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். அவர்களுக்கு இந்தியில் சொல்ல ஆள் வேண்டும்.

பேராசிரியர்களும் சைட்டுக்கு வரட்டும். பீமும் பில்லரும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கமாக இருக்கும், 135 டிகிரி ரிங்கை அங்கே நுழைப்பது பெரும்பாடு. 'சார், நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க' என்று கம்பிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அரை மணி நேரம் போராடினேன். அந்த இடத்தை எப்படி வரைய வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பில்டர் ஒரு நாள் கூலி தர ஒப்புக்கொண்டிருக்கிறார். லேப் மட்டும்தான் வேண்டும். சிவில் துறை ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.