எதிர் வீட்டுக்கு ஒரு பாக்கெட் மைதா

நியூஜெர்சிக்கு வந்த முதல் வருடம் அது. எதிர் வீட்டு யூதப் பாட்டிக்குப் பாஸ்கா பண்டிகை என்று தெரிந்ததும், நெய் மணக்க ரவா கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார், டப்பாவை மட்டும் வாங்கவில்லை. "கோதுமையா, மகளே? இந்த எட்டு நாளும் இதை வீட்டுக்குள் சேர்க்க மாட்டோம். எட்டாம் நாள் இருட்டியதும் வா. வரும்போது மாவு கொண்டு வா" என்றார்.

யூதர்களின் முன்னோர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகக் கிளம்பியபோது மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அந்த நினைவில் பாஸ்கா நாட்களில் ரொட்டி, பீர் என்று தானியம் புளித்து உண்டான எதுவும், புளிக்கக்கூடிய மாவோ ரவையோகூட, வீட்டில் இருக்கக் கூடாது. போகிக்கு முன் நம் வீடுகளில் நடப்பதுபோல மூலை முடுக்கெல்லாம் துடைத்தெடுக்கிறார்கள். மிஞ்சியதை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவதும் உண்டு. அதனால் பண்டிகை முடிகிற இரவில் வீட்டில் ஒரு பிடி மாவு இருக்காது.

பாட்டி பிறந்தது மொராக்கோவின் காசபிளாங்காவில். அந்த இரவுக்கு அங்கே மிமூனா என்று பெயர். பொழுது சாய்ந்ததும் அக்கம்பக்கத்து முஸ்லிம் வீடுகளிலிருந்து மாவு, ஈஸ்ட், பால், வெண்ணெய், தேன் எல்லாம் வரும். கதவுகள் திறந்தே இருக்கும். "தெர்பஹூ, உதஸ்அதூ" என்று வாழ்த்திக்கொள்வார்கள். செல்வமும் பாக்கியமும் சேரட்டும் என்று பொருள்.

அன்று மைதா பாக்கெட்டோடு போனேன். பாட்டி மாவைப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறவிட்டார். அப்புறம் ஒவ்வோர் உருண்டையையும் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, அடியில் மேஜை தெரிகிற அளவுக்கு விரித்தார். நம்மூர் பரோட்டா மாஸ்டர் பார்த்தால் அசந்துபோவார். முஃப்லெட்டா என்கிற அந்த மெல்லிய ரொட்டியில் முதலாவது சிவந்ததும் திருப்பிப் போட்டு, அதன் மேலேயே அடுத்த பச்சை மாவை விரித்தார். மறுபடி மொத்தமாகத் திருப்பினார். அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. வெண்ணெயும் தேனும் தடவிச் சுருட்டி, முதலாவதை என் கையில் கொடுத்தார்.

அடுத்தவர் பண்டிகையை வாழ்த்த வேண்டுமென்றால் அன்றைக்கு அவர்களுக்கு என்ன தேவை என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புவது அந்த இரவிலிருந்துதான். யோம் கிப்பூர் மன்னிப்புக்கான விரத நாள். அன்று போய் 'ஹேப்பி' சொல்வதைவிட, விரதம் சிரமமில்லாமல் முடியட்டும் என்று சொன்னால் பாட்டியின் முகம் மலர்கிறது.

காசாவில் நடப்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆனால் ஓர் அரசு செய்வதற்காக எதிர் வீட்டுப் பாட்டியின் பண்டிகை நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ள என்னால் முடியாது.

மொராக்கோவில் 1940-களின் இறுதியில் சுமார் 2.5 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். இன்று சில ஆயிரம் பேர்தான். மாவு கொண்டுபோக எதிர் வீடே இல்லாத தெருக்கள் அங்கே எத்தனையோ. இருந்தும் 2007-இல் இஃப்ரான் நகரின் அல் அகவைன் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து, தங்கள் நாட்டின் யூத மரபைப் படிக்கவும் காக்கவும் ஒரு மன்றம் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மிமூனா. இதைச் சொன்னபோது பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எங்கள் கேசரி இப்போதும் உண்டு. மிமூனா இரவில், பாட்டி வீட்டு அடுப்பிலேயே, அவருடைய வாணலியில் கிண்டுகிறோம்.