60 யார் ஓட்டம் மட்டும் போதாது

தம்பி, உங்கள் பேஸ்போல் வீடியோவில் வரும் பெடியனைப் பற்றி ‘60 யார் தூரத்தை 6.7 செக்கனில் ஓடினால் போதும், அந்தப் பெடியன் சென்டர் ஃபீல்டு என்ற நடு வெளிக்களத்துக்குத் தயார்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நல்ல நேரம்தான், ஆனால் திறமையுள்ள பெடியன்மாரைத் தேடும் பேஸ்போல் ஸ்கவுட்மார் பார்க்கிற ஐந்து திறமைகளில் வேகம் ஒன்று மட்டுமே. பந்தைச் சரியாக மட்டையில் படுத்துவது, பலமாக அடிப்பது, களத்தடுப்பு, எறிதல் எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி. 50 என்றால் அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி. அதிலும் இன்றைய நிலைக்கு ஒன்று, வளர்ந்தபின் எட்டக்கூடிய நிலைக்கு ஒன்று. 17 வயதுப் பெடியனுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

60 யார் என்பது நேர்கோட்டு ஓட்டம். திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரக் காற்றில் உயரப் பந்துக்கு ஓடியவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நேராக ஓடுவதில்லை. மட்டையில் பட்டதும் முதல் அடி எந்தப் பக்கம் வைக்கிறான்? தலைக்கு மேலே போகும் பந்துக்கு எப்படித் திரும்புகிறான்? மெதுவாக ஓடினாலும் சரியான பாதை பிடிப்பவன் வேகக்காரனை முந்திவிடுவான். எறியும் கை பலமென்றால் வலது வெளிக்களமான ரைட் ஃபீல்டுக்கு விடுவார்கள், அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிவது நீண்ட தூரம்.

அப்புறம் பெடியனுக்கு என்று நீங்கள் சொன்ன அந்த .400 அடிப்புச் சராசரி, அதாவது பத்துக்கு நான்கு முறை ஹிட் அடிப்பது. பாடசாலை ஆட்டங்களில் உலோக மட்டை, எறிபவர்களின் தரமும் ஏறி இறங்கும். அதை அப்படியே நம்பக்கூடாது.

அடுத்த வீடியோவில் பந்து அடிபட முன்னமே பெடியனின் காலைக் காட்டுங்கள்.