அத்தை போட்ட ட்ரேடும் மாப்ள போட்ட தடையும்

(இடம்: போன்ல. மாப்ள ஒரு ஃபான்டசி பேஸ்பால் லீக்குக்கு கமிஷனர், அதாவது ரூல்ஸ் போட்டு நடத்துறவர். நிஜ பேஸ்பால் ஆட்டக்காரங்களை வச்சு ஆளாளுக்கு ஒரு கற்பனை டீம் கட்டணும், அவங்க நிஜத்துல ஆடுறதுக்கு ஏத்த மாதிரி பாயிண்ட் வரும், ரெண்டு டீம் ஆளை மாத்திக்கிட்டா அது ட்ரேடு. அவரை நம்பி மாமியார் வீடே அந்த லீக்ல சேர்ந்திருக்கு. அதுதான் அவர் பண்ணின முதல் தப்பு.)

அத்தை: மாப்ள, ஒரு நிமிஷம் பேசலாமா? என் ட்ரேடு இன்னும் பெண்டிங்லயே நிக்குது, ரெண்டு நாள்ல க்ளியர் ஆயிடும்னு ரூல்ஸ்ல நீங்கதானே எழுதியிருந்தீங்க?

மாப்ள: அத்தை அது வந்து... நான்தான் ஹோல்டு பண்ணி வச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க, பத்து டீம்ல கடைசி இடத்துல இருக்கிற நீங்க ஹோம் ரன் ஸ்டார் ஆரன் ஜட்ஜைக் கொண்டுபோய் முதல் இடத்துல இருக்கிற மாமாகிட்ட குடுத்துட்டு, பதிலுக்கு முழங்கையில டாமி ஜான் ஆபரேஷன் பண்ணி உக்காந்திருக்கிற ஒரு பிட்சரையும், இன்னும் மைனர் லீக்லயே ஆடிட்டிருக்கிற ஒரு சின்னப் பையனையும் வாங்கியிருக்கீங்க, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க சொல்லுங்க.

அத்தை: என்ன நினைப்பாங்க?

மாப்ள: கொலூஷன்னு நினைப்பாங்க அத்தை. ரெண்டு டீம் பேசி வச்சுக்கிட்டு ஒரு டீமை ஜெயிக்க வைக்கிறது.

அத்தை: நானும் உங்க மாமாவுமா? பேசி வச்சுக்கிட்டா? டீமுக்கு ஆள் பொறுக்குற டிராஃப்ட் அன்னிக்கு நான் க்யூல போட்டு வச்சிருந்த ஷார்ட்ஸ்டாப்பை என் ஸ்க்ரீனை எட்டிப் பாத்துட்டு எனக்கு ஒரு பிக் முன்னாடி தூக்கின மனுஷன் அவரு. அதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே ட்ரேடு ஆஃபர்ல வர்ற கமென்ட் பாக்ஸ்லதான். "மூக்குக்கண்ணாடியைப் பாத்தியா"ன்னு கேக்கணும்னாகூட கூடவே ஒரு ரிலீவர் பிட்சரை வச்சு அனுப்புவாரு, நான் ரிஜெக்ட் பண்ணிட்டு "ஃப்ரிட்ஜ் மேல"ன்னு போடுவேன். கூட்டு சேர்ந்திருந்தா முதல் ஆஃபருக்கே தலையாட்டியிருக்க மாட்டேனா மாப்ள?

மாப்ள: சரி அத்தை, ஆனா ஜட்ஜுக்கு இதுவா விலை?

அத்தை: இது கீப்பர் லீக்தானே? வருஷக் கடைசியில அஞ்சு பேரை அடுத்த சீசனுக்கு வச்சுக்கலாம்தானே? ஜட்ஜ் 1992ல பொறந்தவரு, வயசு ஏறுமே தவிர இறங்காது. டாமி ஜான் ஆனா திரும்ப வர 12லேர்ந்து 18 மாசம், என் பிட்சருக்குப் போன செப்டம்பர்ல ஆபரேஷன் ஆச்சு, அடுத்த மார்ச்ல பந்தோட நிப்பான். கடைசி இடத்துல கெடக்குறவளுக்கு இந்த வருஷ ஹோம் ரன்னை வச்சுக்கிட்டு என்ன பண்றது, ஊறுகாய் போடவா?

(மாப்ள முழிக்கிறார். சொல்லப்போனா கமிஷனர் வேலைல பாதி இதுதான்.)

மாப்ள: உங்களுக்கு லாபம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நடுவுல இருக்கிற மத்த எட்டு பேர் கதி? ரேஸே மாறிடுதே அத்தை. ஆகஸ்ட்ல கீழ இருக்கிறவங்கல்லாம் ஸ்டாரை மேல இருக்கிறவங்களுக்குத் தூக்கிக் குடுத்தா, முதல்ல போன் பண்ணினவன் ஜெயிச்சுடுவான்.

அத்தை: இது நியாயமான பேச்சு. அப்போ ட்ரேடு டெட்லைனை ஜூலையோட முடிங்க, இல்ல ஒரு டீம் இத்தனை கீப்பருக்கு மேல வாங்கக்கூடாதுன்னு ஒரு அளவு வைங்க, எதுவா இருந்தாலும் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி எழுதுங்க. ரூல்ல இல்லாததை ட்ரேடு வந்தப்புறம் கண்டுபிடிக்கக் கூடாது.

மாப்ள: ட்ரேடுன்னா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்கிறது பொதுவான விஷயம் அத்தை, அதை எழுத வேற வேணுமா?

அத்தை: சமமான்னு அளக்குறது யாரு? நிஜ பேஸ்பால்ல 1964 ஜூன்ல கப்ஸ் டீம் லூ ப்ராக்கை கார்டினல்ஸுக்குக் குடுத்துட்டு எர்னி ப்ராக்லியோவை வாங்கினாங்க. ப்ராக்லியோ அதுக்கு முந்தின வருஷம் 18 மேட்ச் ஜெயிச்சுக் குடுத்த பிட்சர், ப்ராக் அப்போ சுமாரா அடிச்சிட்டிருந்த பையன். அன்னிக்கு நீங்க கமிஷனரா இருந்திருந்தா "ஐயோ கார்டினல்ஸ் ஏமாந்துட்டாங்க"ன்னு ஹோல்டு போட்டிருப்பீங்க. என்னாச்சு? அந்த வருஷமே கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சாங்க, ப்ராக் பந்தை யாரும் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஓடி மொத்தம் 938 பேஸ் திருடி ஹால் ஆஃப் ஃபேம் போனாரு, ப்ராக்லியோ கப்ஸுக்கு ஜெயிச்சுக் குடுத்தது ஏழே ஏழு மேட்ச். முட்டாள்தனமா ட்ரேடு பண்றதுக்கு எல்லாருக்கும் உரிமை இருக்கு மாப்ள. நீங்க தடுக்க வேண்டியது திருட்டை, முட்டாள்தனத்தை இல்ல.

மாப்ள: (திடீர்னு தெம்பு வந்து) அத்தை, நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன். 1976ல ஓக்லாண்ட் ஓனர் சார்லி ஃபின்லி, ரோலி ஃபிங்கர்ஸையும் ஜோ ரூடியையும் தலைக்கு 10 லட்சம் டாலர்னு ரெட் சாக்ஸுக்கும், வைடா ப்ளூவை 15 லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் வித்தாரு. கமிஷனர் போவி கூன் மூணையும் செல்லாதுன்னுட்டாரு! பேஸ்பாலோட நலனுக்கு நல்லதில்லன்னு காரணம் சொன்னாரு, ஃபின்லி கோர்ட்டுக்குப் போயும் நிக்கல. நிஜ பேஸ்பால்லயே கமிஷனர் கைவச்சிருக்காரு.

அத்தை: வச்சாரு, நான் இல்லைங்கல. அந்த கூன் அந்த வருஷம் எத்தனாவது இடத்துல இருந்தாரு?

மாப்ள: எத்தனாவது இடமா? அவருக்கு ஏது அத்தை டீம்?

அத்தை: நீங்க எத்தனாவது இடம்?

மாப்ள: ...ரெண்டாவது.

அத்தை: முதல் இடத்துல யாரு?

மாப்ள: மாமா.

அத்தை: எத்தனை பாயிண்ட் வித்தியாசம்?

மாப்ள: அத்தை, சிக்னல் சரியில்ல...

அத்தை: எனக்கு நல்லா கேக்குது, மூணரைன்னுதானே சொன்னீங்க?

(சொல்லல. ஆனா மூணரைதான்.)

மாப்ள: சரி, ஹோல்டை எடுத்துடறேன். லீக் ஓட்டுக்கு விடறேன், நாலு பேர் எதிர்த்தா கேன்சல், இல்லைன்னா பாஸ். என்னோட ஓட்டு நான் போடல, போதுமா?

அத்தை: போதும். அடுத்தது வேய்வர், டீமில்லாத ஆளை யாரு எடுக்கிறதுங்கிற விஷயம்.

மாப்ள: அது வேறயா!

அத்தை: போன வாரம், ஜெயிக்கிற மேட்சைக் கடைசியில முடிச்சுக் குடுத்து சேவ் வாங்குற என் க்ளோசர் தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிப் போனான். அவனுக்கு அடுத்து சேவ் எடுக்கப்போறவனை நான் காலையில எந்திரிச்சுத் தேடினா உங்க டீம்ல இருக்கான், டைம் பாத்தா ராத்திரி 1:40. ஃப்ரீ ஏஜென்ட்டை முதல்ல அமுக்கினவனுக்குன்னு வச்சா, அது பேஸ்பால் தெரிஞ்சவங்களுக்கான லீக்கா, தூக்கம் வராதவங்களுக்கான லீக்கா?

மாப்ள: அதுக்குத்தான் அடுத்த வருஷம் ஃபாப் கொண்டுவரேன் அத்தை. ஆளுக்கு 100 டாலர் பொம்மைக் காசு, வாரத்துக்கு ஒரு ரகசிய ஏலம், யாரு எவ்வளவு கேட்டாங்கன்னு முடிஞ்சப்புறம்தான் தெரியும். யாரும் ராத்திரி முழிக்க வேண்டாம்.

அத்தை: ஒருத்தருமே கேக்காதவனுக்கு நான் 37 டாலர் குடுத்துட்டு வயிறெரியணும், அவ்வளவுதானே. பரவாயில்ல, நல்ல ரூலு, அடுத்த வருஷம் வைங்க. இந்த வருஷம் பழைய முறைதான்? ட்ராப் ஆனவன் ரெண்டு நாள் வேய்வர்ல, வரிசைல முதல்ல இருக்கிறவங்களுக்கு அவன், எடுத்தவங்க கடைசிக்குப் போகணும்?

மாப்ள: ஆமா.

அத்தை: நான் ஏப்ரல்லேர்ந்து ஒரு க்ளெய்ம்கூட போடாம நம்பர் ஒன்ல உக்காந்திருக்கேன் மாப்ள. நீங்க இன்னிக்குக் காலையில அடிபட்டவங்களுக்கான ஐ.எல். இடம் ஃபுல்லுன்னு உங்க தேர்ட் பேஸ்மேனை ட்ராப் பண்ணீங்களே.

மாப்ள: அத்தை! அவன் வியாழக்கிழமை திரும்ப வரான், அதுக்குள்ள இடம் காலி பண்ணித் திருப்பி எடுத்துக்கலாம்னு... அடிபட்டவனை யாரு தேடப்போறாங்கன்னு...

அத்தை: க்ளெய்ம் போட்டாச்சு.

மாப்ள: அவனுக்கு பதிலா என்ன வேணும்னாலும் கேளுங்க. அந்த க்ளோசரைக்கூட தரேன். நமக்குள்ள ஒரு ட்ரேடு பேசிக்கலாம், இப்பவே.

அத்தை: பேசிக்கலாம் மாப்ள, எனக்கொண்ணும் இல்ல. ஆனா மாமியாரும் மருமகனும் போன்ல பேசி முடிச்சாங்கன்னா நாலு பேரு தப்பா நினைப்பாங்களே, எதுக்கும் கமிஷனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க.