ஆண்டி டெரிஸ் யாருடைய இடத்திலும் அமரவில்லை

ஹெவி மெட்டலில் வேகமும் மெட்டும் கலந்த வகையான பவர் மெட்டல் கேட்கும் நண்பர்களோடு பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறது: "கிஸ்கே பாடியதுதான் உண்மையான ஹெலோவீன்." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்போதெல்லாம் கோபமும் வருகிறது. மைக்கேல் கிஸ்கே முதல் சுற்றில் அந்த ஜெர்மன் குழுவின் பாடகராக இருந்தது சுமார் 7 ஆண்டுகள். பாடியது 4 ஆல்பங்கள். அவருக்குப் பின் வந்த ஆண்டி டெரிஸ் 1994 முதல் இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறார். கிஸ்கே திரும்பி வருவதற்கு முன்பே புதிய பாடல்கள் கொண்ட 10 ஆல்பங்களுக்குக் குரல் கொடுத்து முடித்திருந்தார். அவற்றில் நிறையப் பாடல்களை எழுதியவரும் அவரே. 30 ஆண்டுகளாக ஒரு வீட்டில் விளக்கேற்றியவரை இன்னும் விருந்தாளி என்று அழைப்பது என்ன நியாயம்?

இதைச் சொல்வதால் நான் கிஸ்கேயைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவரைக் கேட்டுத்தான் நான் இந்த இசைக்குள்ளேயே வந்தேன். ஆனால் 'உண்மையான' என்ற சொல்லைக் கையில் எடுத்தால், அது கிஸ்கேயையும் வெளியே தள்ளிவிடும். 1984ல் ஹாம்பர்க்கில் ஹெலோவீன் தொடங்கியபோது இருந்தவர்கள் 4 பேர். கிதாரில் காய் ஹான்சன், மைக்கேல் வைக்காட்; பேஸ் கிதாரில் மார்க்குஸ் குரோஸ்கோப்; டிரம்ஸில் இங்கோ ஷ்விக்டன்பெர்க். பாடியதும் ஹான்சன்தான். 1985ல் வந்த 'வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ' ஆல்பத்தைக் கேளுங்கள். நான்கு இளைஞர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும். த்ராஷ் மெட்டலின் வேகமும் பிரிட்டிஷ் குழுவான அயர்ன் மெய்டனிடம் கற்ற இரட்டைக் கிதார் மெட்டும் அதில் ஒன்றாக மோதும். ஹான்சனின் கரகரத்த குரல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவ்வளவு வேகத்தில் கிதாரையும் வாசித்துக்கொண்டு உச்சத்தில் பாடவும் வேண்டுமென்றால் மேடையில் ஏதாவது ஒன்று கெடும். அவர் மைக்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். ஆக, ஹெலோவீனின் முதல் மாற்றமே ஒரு பாடகர் இன்னொரு பாடகருக்கு இடம்விட்டதுதான். ரசிகர்கள் கோயில் கட்டி வணங்கும் அந்தக் 'கீப்பர்' ஆல்பங்களின் காலமே ஆள் மாறியதால் பிறந்தது.

வந்தவர் கிஸ்கே. உள்ளூரில் இல் பிராஃபெசி என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன். 1987ல் 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' முதல் பாகம், 1988ல் இரண்டாம் பாகம். இரண்டையும் ஒரே இரட்டை ஆல்பமாக வெளியிட வேண்டுமென்று குழு விரும்பியது. ரெக்கார்ட் நிறுவனம் ஒப்பவில்லை. அந்த இரண்டு பாகங்களில் கிஸ்கேயின் குரல் செய்வதைச் சொல்லில் அடக்குவது கடினம். கீழே இங்கோவின் இரட்டை பாஸ் டிரம் இரைந்து ஓடும். அதன் மேல் அந்தக் குரல் சிறிதும் பதறாமல், கழுத்து நரம்பு புடைக்காமல், நீரில் ஓடம்போல மிதந்து போகும். பின்னாளில் ஃபின்லாந்திலும் இத்தாலியிலும் பிரேசிலிலும் தோன்றிய எத்தனையோ பவர் மெட்டல் குழுக்கள் இந்த இரண்டு ஆல்பங்களிலிருந்துதான் இலக்கணம் கற்றன.

அந்த ஐவர் அணி நீடித்தது 2 ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். இரண்டாம் பாகத்தில் 'ஐ வாண்ட் அவுட்' என்ற பாடலை எழுதியவர் ஹான்சன். குழுவின் மிகப் பெரிய வெற்றிப் பாடல்களில் ஒன்று அது. 'வெளியேற வேண்டும்' என்று பாட்டில் எழுதியபடியே அவர் வெளியேறினார். ஓயாத பயணம், உள்ளே உரசல், நிறுவனத்தோடு மனக்கசப்பு எல்லாம் சேர்ந்த முடிவு. காமா ரே என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். ஹெலோவீனில் அவர் இடத்துக்கு ரோலண்ட் கிராபோவ் வந்தார். பழைய நிறுவனத்தை விட்டு ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்குப் போகும் முயற்சி நீதிமன்றத்தில் சிக்கிக் காலம் கரைந்தது. 1991ல் ஒரு ஆல்பம், 1993ல் 'சாமெலியன்'. சாமெலியனில் டிரம்பெட்டும் உண்டு, நாட்டுப்புறச் சாயலும் உண்டு. பாடல்களைத் தனித்தனியே எடுத்தால் சில அழகானவை. சேர்த்துக் கேட்டால், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியே சமைத்துச் சாப்பிடும் மனிதர்களின் சத்தம் கேட்கிறது. அந்த ஆண்டே கிஸ்கே வெளியேற்றப்பட்டார்.

இங்கோவைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். குழுவின் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் அவரை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். குடியும் போதைப்பழக்கமும் அவரை வாட்டின. கூடவே மனச்சிதைவு நோயும் இருந்தது. சாமெலியன் ஆல்பத்திலேயே கிராபோவ் அவரை நினைத்து, இந்த நரகத்திலிருந்து வெளியே வா என்று ஒரு பாடல் எழுதியிருக்கிறார். அந்த ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவரும் இங்கோதான். 1993 சுற்றுப்பயணத்தின் நடுவே அவரால் தொடர முடியாமல் போனது. குழுவிலிருந்து விலக நேர்ந்தது. 1995 மார்ச் 8 அன்று ஹாம்பர்க்கில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 29.

அதற்குப் பின் நடந்ததுதான் என் மனத்தைப் பிசைகிறது. நண்பர்கள் அப்போது மூன்று திசையில் இருந்தார்கள். 1995ல் காமா ரேயின் 'லேண்ட் ஆஃப் த ஃப்ரீ' வந்தது. அதில் ஹான்சன் இங்கோவுக்கென்று ஒரு பாடலை அர்ப்பணித்தார். 1996ல் ஹெலோவீனின் 'த டைம் ஆஃப் த ஓத்' வந்தது. ஆல்பம் முழுவதையும் இங்கோவுக்கு அர்ப்பணித்தார்கள். அதே 1996ல் கிஸ்கே தன் முதல் தனி ஆல்பத்தில் இங்கோவுக்காக ஒரு பாடல் பாடினார். கிஸ்கேயும் வைக்காட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத காலம் அது. ஒரே இழவுக்கு மூன்று வீட்டில் தனித்தனியே அழுதார்கள். இந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. குழுவின் பெயர் யாரிடம் இருந்தது, பாடகர் யார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோகும்.

டெரிஸ் உள்ளே வந்த நேரம் இப்படிப்பட்டது. பிங்க் க்ரீம் 69 என்ற குழுவில் நல்ல பெயரோடு இருந்தவர், கடனும் கசப்பும் நிறைந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். கூடவே டிரம்ஸுக்கு ஊலி குஷ் வந்தார். அவர் முன்பு ஹான்சனின் காமா ரேயில் வாசித்தவர். டெரிஸின் முதல் ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் த ரிங்ஸ்' 1994ல் வந்தது. அதில் கிஸ்கேயை மனத்தில் வைத்து கிராபோவ் எழுதிய 7 நிமிடப் பாடல் ஒன்று உண்டு. தனக்குச் சம்பந்தமில்லாத பழைய பகையையும் புதுப் பாடகர்தான் வாய்விட்டுப் பாட வேண்டியிருந்தது. அவருடைய குரல் கிஸ்கேயின் குரல் அல்ல. அதில் கொஞ்சம் மணல் உண்டு, உச்சத்தில் உரசல் கேட்கும். அந்த உரசலை நான் குறையாக நினைத்த காலம் உண்டு. இங்கோவுக்கு அர்ப்பணித்த ஆல்பத்தில் 'ஃபாரெவர் அண்ட் ஒன்' என்ற மெதுவான பாடலைக் கேட்ட இரவில் அந்த எண்ணம் போனது. டெரிஸே எழுதிய பாடல் அது. வழுவழுப்பான குரலில் அது அவ்வளவு வலித்திருக்காது.

2001ல் மறுபடி பிளவு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'த டார்க் ரைட்' இருண்ட, கனத்த ஒலி கொண்ட ஆல்பம். எந்தத் திசையில் போவது என்பதில் கருத்து வேறுபாடு வந்து கிராபோவும் குஷ்ஷும் நீக்கப்பட்டார்கள். இருவரும் மாஸ்டர்பிளான் என்ற குழுவைத் தொடங்கினார்கள். சாஷா கெர்ஸ்ட்னர் கிதாருக்கு வந்தார். டிரம்ஸ் இருக்கைதான் சில காலம் நிலைகொள்ளவில்லை: வந்தவருக்கு உடல்நலம் கெட்டு, 2003 ஆல்பத்தின் பெரும்பகுதியை மோட்டர்ஹெட் குழுவின் மிக்கி டீ வந்து வாசித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2005ல் டானி லோப்லே வந்த பிறகு அந்த இருக்கை அசையவில்லை. இத்தனைக்கும் நடுவில் முதல் நாளிலிருந்து இடத்தைவிட்டு நகராதவர்கள் வைக்காட்டும் குரோஸ்கோப்பும் மட்டுமே. குரோஸ்கோப்பைப் பற்றி யாரும் பதிவு எழுதுவதில்லை. எந்தச் சண்டையிலும் அவர் பெயர் அடிபடாததுதான் காரணமாக இருக்க வேண்டும். அவருடைய பேஸ் வரிகளை மட்டும் காதில் பிரித்தெடுத்துக் கேளுங்கள். கிதார்களுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டே ஓடும்.

2016 நவம்பரில் ஹான்சனும் கிஸ்கேயும் திரும்புகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தபோது நான் பயந்தேன். இந்த மாதிரி அறிவிப்புகளின் வழக்கமான பொருள் எனக்குத் தெரியும். பழைய ஆள் வருவார், புதிய ஆள் நன்றிக் கடிதத்தோடு வீட்டுக்குப் போவார். டிக்கெட் விற்க அதுதான் எளிய வழி. இவர்கள் அதைச் செய்யவில்லை. டெரிஸ் இருந்தார், கெர்ஸ்ட்னர் இருந்தார், லோப்லே இருந்தார். மேடை 7 பேருக்கு விரிந்தது. மூன்று கிதார், பாட மூன்று பேர். 2017 அக்டோபரில் மெக்சிகோவின் மான்டெர்ரேயில் தொடங்கிய அந்தச் சுற்றுப்பயணத்தின் பதிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கிஸ்கேயும் டெரிஸும் ஒரே பாடலின் வரிகளைப் பங்கிட்டுப் பாடும் இடங்களைத்தான். தன் இடம் போய்விடுமோ என்ற அச்சம் இருவர் முகத்திலும் இல்லை. தனக்கு முன்னால் பாடியவரோடு மேடையைப் பகிர ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! ரசிகர்களுக்கு இல்லாத பெருந்தன்மை டெரிஸுக்கு இருந்தது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மேடையில் கிராபோவும் குஷ்ஷும் இல்லை. இங்கோவின் வேதனையைப் பாடலாக எழுதியவருக்கு ஒரு மாலையேனும் இடம் தந்திருக்கலாம். எட்டாவது ஆளுக்கு மேடையில் இடமில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கோவுக்கு இடம் தந்தார்கள். நிகழ்ச்சியின் நடுவே திரையில் அவருடைய பழைய டிரம்ஸ் காட்சி ஓடும். கீழே லோப்லே அவரோடு மாறி மாறி வாசிப்பார், இரண்டு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல. 2021ல் ஏழு பேரும் சேர்ந்து செய்த ஆல்பத்துக்குக் குழுவின் பெயரையே வைத்தார்கள். ஜெர்மனியின் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் டிரம்ஸ் முழுவதையும் லோப்லே, கீப்பர் காலத்தில் இங்கோ வாசித்த அதே டிரம் செட்டில் வாசித்தார். கடைசியில் ஹான்சன் எழுதிய 'ஸ்கைஃபால்', 12 நிமிடம். ஹான்சன் ஒரு வரி, கிஸ்கே ஒரு வரி, டெரிஸ் ஒரு வரி என்று மாறி மாறிப் போகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மூன்று குரல்களுக்கும் அடியில் ஓடும் அந்த பாஸ் டிரம்மைக் கேளுங்கள்.