செல்லைக் கழுவும் பொடி

"செல்களில் தேங்கிய கழிவை நீக்கி முதுமையைத் தள்ளிப்போடும்" என்று ஒரு பொடி விளம்பரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சுற்றுகிறது. பழுப்புப் புள்ளி விழுந்த புறங்கை ஒரு படம், பளபளவென்று அதே கை இன்னொரு படம். வாங்கலாமா என்று பெரியம்மா கேட்கிறார். வேண்டாம் பெரியம்மா.

முதலில் படமே தப்பு. புறங்கையில் விழும் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் வெயிலால் வரும் மெலனின் என்ற தோல் நிறமி. செல்லுக்குள் சேரும் கழிவு நிறமி வேறு, லிப்போஃபசின் என்பார்கள். பழுதான புரதத்தையும் கொழுப்பையும் செரிக்க ஒவ்வொரு செல்லிலும் லைசோசோம் என்ற சிறு பைகள் உண்டு. ஆக்சிஜனேற்றத்தில் ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போன சில எச்சங்களை அந்தப் பையின் நொதிகளாலும் உடைக்க முடிவதில்லை. அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குடல் செல்கள் ஓயாமல் புதிதாவதால் அங்கே பெரிதாகச் சேராது. இதயத் தசை, நரம்பு, விழித்திரையின் நிறமிச் செல்கள் கதை வேறு. அவை பிரிந்து பெருகுவதில்லை, அதனால் ஆயுசு முழுக்கச் சேரும். 1959-இல் ஸ்ட்ரெஹ்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மனித இதயங்களில் இந்த நிறமியை அளந்தார்கள்: பத்து வருடத்துக்கு இதயக் கன அளவில் சுமார் 0.3 சதவீதம் ஏறுகிறது.

சேருகிறது என்பதாலேயே அதுதான் முதுமைக்குக் காரணம் என்று ஆகிவிடாது. காரணமா, வெறும் தடயமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. கண்ணில் மட்டும் அது கெடுதல் செய்கிறது என்ற சந்தேகம் வலுவானது. ஏபிசிஏ4 மரபணு பழுதானால் வைட்டமின் ஏ-யின் துணைப்பொருட்கள் விழித்திரையில் லிப்போஃபசினாகக் குவிந்து, சின்ன வயதிலேயே நடுப்பார்வை போகிறது, ஸ்டார்கார்ட் நோய். லிப்போஃபசின் நீல ஒளி பட்டால் தானே ஒளிரும் என்பதால் கண் மருத்துவர்கள் அதை நேரடியாகப் படமெடுக்கிறார்கள். பொடிக்காரர் அப்படி முன்னும் பின்னும் எடுத்த விழித்திரைப் படத்தைப் போடட்டும், பேசலாம்.

எனக்குக் கோபம் வருவது பேட்டன் நோயை நினைக்கும்போதுதான். லிப்போஃபசின் போன்ற பொருள் குழந்தையின் மூளையிலேயே குவியும். வலிப்பு வரும், நடை போகும், பார்வை போகும். அதில் சிஎல்என்2 என்ற ஒரு வகைக்கு 2017-இல் அமெரிக்காவில் செர்லிபோனேஸ் ஆல்ஃபா மருந்துக்கு அனுமதி கிடைத்தது. குறைவுபடும் நொதியையே தயாரித்து, தலைத்தோலுக்கு அடியில் ஒரு கருவியைப் பொருத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூளையின் திரவ அறைக்குள் மணிக்கணக்கில் செலுத்துகிறார்கள். அப்படியும் நடை இழப்பதைத் தாமதப்படுத்த முடிகிறதே தவிர நோய் தீர்வதில்லை.

பொடிக்காரருக்கோ காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் போதுமாம்.