சிஏ-125 கூடினால் புற்றுநோய்தானா?

"ஒரு குப்பி ரத்தம் போதும், புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்" என்கிற தொனியில் போகிறது, ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் கண்டறிவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபம் இல்லைங்க.

என் அக்காவுக்கு சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்தில் ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம்) அளவு 80ஐத் தாண்டியிருந்தது. 35க்குள் இருக்க வேண்டும் என்று அறிக்கையிலேயே போட்டிருந்ததால் இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கடைசியில் பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ்; கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது, புற்றுநோய் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பக் காலத்திலும்கூட அது ஏறும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இதைவிடச் சங்கடமானது இன்னொன்று: ஆரம்பநிலை சினைப்பைப் புற்றுநோய் உள்ள பலருக்கு அந்த அளவு கூடுவதே இல்லை. அதாவது, 'நார்மல்' என்று வந்த காகிதத்தை நம்பி வயிற்று உப்புசத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஆபத்துதான்.

ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏவும் இதே ரகம். வயதானால் வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும்கூட ஏறும். குடல் புற்றுநோயில் பார்க்கும் சிஇஏ, புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ரத்தப் புற்றுநோய் மட்டும் வேறு கதை. அங்கே சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையிலேயே முதல் துப்பு கிடைத்துவிடலாம். அப்புறம் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையைப் பார்த்து உறுதி செய்வார்கள். கட்டி என்றால் அநேகமாக பயாப்ஸிதான், அதாவது அதிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது.

சிஏ-125, பிஎஸ்ஏ, சிஇஏ போன்ற இந்த மார்க்கர்கள் (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறிகள்) அதிகம் கைகொடுப்பது சிகிச்சை தொடங்கிய பிறகு. கீமோவுக்குப் பின் அளவு இறங்குகிறதா, சில மாதம் கழித்து மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு. கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரி!